நெறி கட்டுதல்

காலில் முள் தைத்துப் புண்ணானால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் கட்டி ஒன்று புடைத்து வலிக்கும். கையில் காயம்பட்டுச் சீழ் வைத்தால் அக்குளில் அவ்வாறே புடைக்கும். இதனை நம் மக்கள் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பர். மருத்துவ நூல் எதனையும் பயிலாத மூதாட்டியும், தொடையிடுக்கில் வலிக்கிறது என்று அழும் பேரனின் உள்ளங்காலைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார். புண் ஓரிடத்தில், வீக்கம் வேறோரிடத்தில். இவ்விரண்டையும் இணைக்கும் வழி ஒன்று உடலுக்குள் உண்டு என்னும் அறிவு அச்செயலில் அடங்கியுள்ளது. நெறி என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வீக்கத்திற்கு அப்பெயர் வந்தமைக்குச் சொல்லாராய்ச்சியாளர் வேறு காரணம் காட்டினும் காட்டுக. வழியில் நேர்ந்த கட்டு என்று யாம் கொள்ளும் பொருள் உடற்கூற்று நூலோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

தமிழ்த்துறையின் மலரில் நிணநீர்க் கணுக்களைப் பற்றிக் கட்டுரை வரைவது துறைக்குப் புறம்பானது என்று சிலர் கருதக்கூடும். யாம் மொழி கற்பிக்கும் தொழிலினர். மருத்துவம் கற்றோம் அல்லோம். எனினும் வேப்பூரில் வாழும் எம் தமக்கையார் மகளின் கழுத்தில் தோன்றிய கட்டியொன்று ஆறு திங்கள் காலம் எமக்கு இதனைப் பாடமாக்கிற்று. மருத்துவர் கூறக் கேட்டனவும், அதன்பின் நூல்களில் தேடிப் பயின்றனவும் எம்மோடு நின்றுவிடலாகாது என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று. அப்பெண்ணின் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்.

நிணம் என்னும் சொல் பழந்தமிழில் கொழுப்பையும் கொழுப்புடைய ஊனையும் குறித்தது. மேலைநாட்டார் இந்நீருக்கு இட்ட பெயரோ தெளிந்த நீர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. இவ்விரு பெயருள் எது பொருத்தமுடையது? இரண்டுமே பொருந்தும். கை கால்களிலிருந்து வரும் நிணநீர் தெளிந்திருக்கும். குடலிலிருந்து வருவதோ, உண்ட உணவின் கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்திருக்கும். 1622-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயொன்றின் வயிற்றை அறுத்து ஆய்ந்தபோது இவ்வெண்ணிற நாளங்களைக் கண்டார். நிணநீர் என்று தமிழில் ஆக்கியோர் அறிந்து ஆக்கினரோ, அறியாது ஆக்கினரோ, அச்சொல் அசெல்லி கண்ட காட்சிக்கு மிகவும் அண்மையில் நிற்கிறது.

இந்நீர் எங்கிருந்து வருகிறது? குருதியைச் சுமந்து செல்லும் மிக நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் ஓயாது கசிந்து திசுக்களை நனைக்கிறது. கசிந்தது முழுவதும் குருதிக்குழாய்க்குள் மீள்வதில்லை. எஞ்சியது நாளொன்றுக்குப் பல லிட்டர் அளவாகும். அதனைத் திரட்டி மீண்டும் குருதியில் சேர்ப்பனவே நிணநீர் நாளங்கள். குருதியைச் செலுத்த இதயம் இருப்பதுபோல் இதற்கெனத் தனி இதயம் இல்லை. நாளங்களின் சுவர் சுருங்கி விரிவதாலும், நாம் நடக்கும்போதும் மூச்சு விடும்போதும் ஏற்படும் அழுத்தத்தாலும் இது மேலேறுகிறது. ஏறியது இறங்காவண்ணம் வழியெங்கும் தடுக்கிதழ்கள் உள்ளன. இறுதியில் கழுத்தின் அடியில் பெருஞ்சிரைகளில் கலந்துவிடுகிறது.

இவ்வழிகளின் இடையிடையே அமைந்தவைதாம் நிணநீர்க் கணுக்கள். மனித உடலில் ஏறத்தாழ 600 கணுக்கள் உண்டு என்பர். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் இவை கொத்துக்கொத்தாக அமைந்துள்ளன. அவரை விதையை ஒத்த வடிவின. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த அளவின.

இவற்றின் அமைப்பினை விளக்க எமக்கு வேப்பூரே போதும். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் அது. சுற்றியுள்ள சிற்றூர்ச் சாலைகள் பலவும் அங்கு வந்து கூடும். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை நாளில் நின்று பார்த்தால், எவ்வூர் ஆடு எவ்வழியாக வந்தது என்பதைக் கூட்டுரோட்டில் இருப்போர் சொல்லிவிடுவர். நிணநீர்க் கணுவும் ஒரு கூட்டுரோடே. அதன் குவிந்த புறத்தில் பல நாளங்கள் வந்து நுழையும். குழிந்த புறத்தில் ஒன்றிரண்டே வெளியேறும். வரும் வழி பல, போகும் வழி சில என்பதால் நிணநீர் உள்ளே மெல்லத்தான் நகர முடியும். அம்மெதுவே காவலுக்கு உதவுகிறது.

கணுவின் மேல் உறையொன்று உண்டு. உறைக்குள் புறணி, அதனுள் அகணி என இரு பகுதிகள். புறணியின் வெளிப்புறத்தில் உருண்டை உருண்டையாய்க் குழுமியிருப்பவை ‘பி’ வகை வெள்ளணுக்கள். அவற்றிற்கு உட்புறத்தில் செறிந்திருப்பவை ‘டி’ வகை வெள்ளணுக்கள். நிணநீரில் வரும் கிருமிகளையும் தூசியையும் விழுங்கும் பேருண்ணிகள் வழியெங்கும் காத்துநிற்கும். இவற்றிற்கு மேலாகச் செய்தி கொணரும் உயிரணுக்கள் சில உண்டு. இவை தோலிலோ தொண்டையிலோ புகுந்த பகைவனின் துண்டொன்றை ஏந்திக் கணுவுக்கு வந்து, ‘இவனை அறிவீரோ’ என்று ஒவ்வொரு ‘டி’ அணுவிடமும் காட்டும். அறிந்த அணு ஒன்று கிட்டிவிட்டால் அது பல்லாயிரமாகப் பெருகும். ‘பி’ அணுக்களும் தூண்டப்பட்டு எதிர்ப்பொருள்களை ஆக்கும். இவ்வாறு அணுக்கள் பெருகுவதாலும் குருதி மிகுதியாக வந்து சேர்வதாலும் கணு பருக்கிறது. உறை இழுபடுவதால் வலிக்கிறது. நெறி கட்டுதல் என்று நாம் சொல்வது இதனையே. அது நோயன்று, நோயை எதிர்த்து உடல் செய்யும் வேலையின் அடையாளம்.

ஆதலின் பல்லில் சொத்தை விழுந்தால் தாடைக்கடியிலும், தலையில் பேன்கடிப் புண் மிகுந்தால் பிடரியிலும், தொண்டை அழன்றால் தாடைக்கோணத்திலும் கணுக்கள் பருப்பது இயல்பு. மூலப்புண் ஆறினால் இவையும் இரண்டு மூன்று கிழமைகளில் அடங்கிவிடும். கட்டியைக் கண்டவுடன் அஞ்சுவதைவிட, அக்கட்டிக்கு வந்து சேரும் வழியில் புண் எங்கே என்று தேடுவதே அறிவுடைமை. நம் மூதாட்டியர் செய்தது அதுவே.

ஆயினும் காவற்சாவடியே பகைவன் கைப்படுவதும் உண்டு. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்த நம் பகுதியினர்க்கு ஓர் எடுத்துக்காட்டு எளிதில் விளங்கும். மெருகிடாத பீங்கானின் நுண்துளைகள் நீரை விட்டுக் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். 1884-இல் பாரிசில் சார்லஸ் சாம்பர்லாந்து அத்தகைய வடிகட்டியை அமைத்தார். வீடுகளில் வைத்திருந்த குடிநீர் வடிகட்டியின் வெண்ணிறக் கட்டையும் அவ்வினத்ததே. அக்கட்டையை அவ்வப்போது தேய்த்துக் கழுவ வேண்டும்; இல்லையேல் பிடித்துவைத்த அழுக்கே அதனை அடைத்துவிடும். கணுவுக்கும் அவ்வாறு நேர்வதுண்டு. கல்லுடைப்பிலும் பீங்கான் தொழிலிலும் பறக்கும் சிலிக்காத் தூசியை ஆண்டாண்டாய்ச் சுவாசித்தோர்க்கு, அத்தூசியைப் பேருண்ணிகள் நுரையீரலடிக் கணுக்களுக்குக் கொணர்ந்து சேர்க்கும். சேர்ந்த தூசி கரைவதில்லை. கணு இறுகி, சிலர்க்கு அதன் விளிம்பில் முட்டையோடு போன்ற சுண்ணப்படிவு தோன்றும். அத்தகையோரைக் காசநோய் எளிதில் பற்றும். முகமூடியும், ஈரப்படுத்தித் தூசி அடக்குதலும் தொழிலாளிக்கு ஆடம்பரமல்ல என்பது இதனால் விளங்கும்.

கடலூர் மாவட்டத்தார் அறிய வேண்டிய மற்றொன்று யானைக்கால். கியூலெக்ஸ் கொசுவின் கடிவழியே புகும் இழைப்புழு, நிணநீர் நாளங்களிலும் கணுக்களிலும் குடியேறிப் பல்லாண்டு வாழ்கிறது. நாளங்கள் விரிந்து தடுக்கிதழ்கள் பயனற்றுப்போக, மேலேற வேண்டிய நீர் காலில் தேங்குகிறது. 1996-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் முன்னோடியாகக் கடலூர் மாவட்டத்தில்தான் ஆண்டுக்கொருமுறை ஊரார் அனைவர்க்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. நோயில்லாத எமக்கு எதற்கு மாத்திரை என்று மறுத்தோர் பலர். குருதியில் நுண்புழுக்களைச் சுமந்தும் அறிகுறி ஏதுமின்றி நடமாடுவோர் வழியாகவே நோய் பரவுகிறது என்பதை அவர்க்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

இனி எம் தமக்கையார் மகளின் செய்திக்கு வருவோம். அவள் பெயரை ஈண்டுக் குறிக்கவில்லை. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தாள். வலக்கழுத்தில் புளியங்கொட்டையளவில் கட்டியொன்று தோன்றிற்று. வலியில்லை. வலி இல்லாமையே அதனை மறைக்க ஏதுவாயிற்று. முக்காடு இட்ட கழுத்தை யார் பார்க்கப் போகிறார்? இரண்டு திங்களில் அது நெல்லிக்காயளவு ஆயிற்று. அருகில் வேறிரண்டு தோன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாலைதோறும் மெல்லிய காய்ச்சல், உடல் இளைப்பு. படிப்புச் சுமை என்று வீட்டார் எண்ணினர். மருந்துக்கடையொன்றில் வாங்கிய மாத்திரையில் காய்ச்சல் நான்கு நாள் அடங்கி மீண்டும் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றிட்டனர். எம் தமக்கையாருக்கு நோயைவிட ஊர்வாய் பெரிதாகத் தோன்றிற்று. சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. “நிச்சயம் முடியட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். “கழுத்து, நிச்சயம் வரைக்கும் பொறுக்குமாக்கா?” என்று யாம் கேட்டதற்கு அவர் விடை சொல்லவில்லை, மறுநாள் மகளோடு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

அரசு மருத்துவமனையில் ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சியெடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்தனர். காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையும் செய்தனர். மார்புப் படத்தில் நுரையீரல் தூய்மையாக இருந்தது. ‘கணுக் காசநோய்’ என்று மருத்துவர் முடிவு கூறினார். நம் முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதனையே. கண்டத்தைச் சுற்றி மாலைபோல் கட்டிகள் வரிசையாய் வருவதால் அப்பெயர்.

இந்நோய் ஏழையர்க்கே உரியதென்றும், நம் நாட்டிற்கே உரியதென்றும் கருதுவோர் ஒன்றறிதல் வேண்டும். மன்னர் தொட்டால் இது தீரும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகள் நம்பினர். 1712-இல் ஆன் அரசியாரின் முன் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளுள் ஒருவர், பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை ஆக்கிய சாமுவேல் ஜான்சன். அரசியார் தொட்டும் நோய் தீரவில்லை. கத்தி வைத்த தழும்பை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். 1882-இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியாசிடும் வந்த பின்னரே மெய்யான மருந்து கிட்டிற்று.

அம்மருந்தினை எளியோர் வீட்டிலிருந்தே உண்டு குணமடையலாம் என்று உலகிற்குக் காட்டிய பெருமை சென்னைக்கு உரியது. 1956-இல் அங்குத் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மறுபிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்தளித்தது. நெருக்கமான சிறு வீடுகளிலிருந்தோரும் மருத்துவமனையில் இருந்தோருக்கு ஏறக்குறைய ஒப்பாகவே குணமடைந்தனர். அவர்தம் வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காச மருத்துவத்தின் போக்கை மாற்றிற்று. அதே நிறுவனம் கணுக் காசநோயுற்ற 1 முதல் 12 வயதுக்குட்பட்ட 168 குழந்தைகளுக்கு ஆறு திங்கள் மருந்தளித்த ஆய்வினை 1990-இல் வெளியிட்டது. மருந்து முடிந்த நாளில் சிலர்க்குக் கட்டி எஞ்சியிருந்தது. இடையில் புதிய கட்டி தோன்றியவரும் உண்டு. எனினும் பின்னாளில் மீண்டும் மருந்து தேவைப்பட்டோர் மிகச் சிலரே.

இச்செய்தி எம் வீட்டிற்கு எத்துணை வேண்டியதாக இருந்தது என்பதைச் சொல்லுகின்றோம். முதல் இரு திங்கள் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு திங்கள் மூன்று மருந்துகள். ரிபாம்பிசின் உண்ட முதல் நாளே சிறுநீர் செந்நிறமாக, வீடே நடுங்கிற்று. அது மருந்தின் நிறம் என்று மருத்துவமனைச் செவிலியர் சொன்ன பின்னரே நன்னிமா உணவு கொண்டார். ஆறாவது கிழமையில் இடக்கழுத்தில் புதிய கட்டி தோன்றிற்று. மருந்து தோற்றுவிட்டது என்று உறவினர் உறுதியாகக் கூறினர். நிறுத்திவிட்டு வேறிடம் போவோம் என்றனர். மருத்துவர் மட்டும் பதறவில்லை. மீண்டும் சோதித்துப் பார்த்துவிட்டு, “கிருமி செத்துக்கிட்டு இருக்கு, செத்ததைப் பாத்து உடம்பு சண்டை போடுது. மருந்தை விடாதீங்க” என்றார். அவர் சொற்படியே நடந்தோம். ஐந்தாம் திங்களில் அக்கட்டி சுருங்கிற்று.

இந்நாள்களில் எம்மை வருத்தியது நோயன்று. பெண்ணின் தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டதே. நுரையீரல் தூயதாக இருக்குமாயின், கணுவில் மட்டும் உள்ள காசநோய் இருமலாலோ உணவுக்கலத்தாலோ ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் பரவாது. இதனை மருத்துவர் மும்முறை கூறியும் தட்டு மாறவில்லை. ஒருநாள் எம் அத்தா, பேத்தியின் தட்டில் மிகுந்திருந்த சோற்றைத் தாம் எடுத்து உண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாளிலிருந்து தட்டுகள் ஒன்றாயின.

சம்பந்தம் பேசிய வீட்டாருக்குச் சொல்வதா, மறைப்பதா என்னும் வழக்கு எழுந்தது. ஆறே திங்களில் தீரும் நோய். யாருக்குத் தெரியப் போகிறது என்றனர் பெரியோர் சிலர். முடிவு சொன்னவள் அப்பெண்ணே. “மாமு, மறைச்சுக் கருகமணி கட்டிக்கிட்டா, அவங்க என் கழுத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கும்” என்றாள். சொல்லிவிட்டோம். அச்சம்பந்தம் நின்றுபோயிற்று. எம் தமக்கையார் பல நாள் எம்மோடு பேசவில்லை. பெண்ணோ மருந்தை முடித்தாள், பட்டத்தையும் முடித்தாள், ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தாள். இரண்டாண்டுகளுக்குப்பின் வேறோர் ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தனர். அவர்களிடமும் முதலிலேயே சொல்லப்பட்டது. மாப்பிள்ளையின் அத்தா கேட்ட வினா ஒன்றே: “மருந்தை முழுசாச் சாப்பிட்டு முடிச்சாங்களா?” முடித்த அட்டையை எம் தமக்கையாரே எடுத்துவந்து காட்டினார்.

மாணாக்கியர்க்கும் அவர்தம் அன்னையர்க்கும் சிலவற்றைத் தொகுத்துக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். கட்டி மூன்று கிழமைக்குமேல் நீடித்தாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, கல்போல் இறுகி நகராமல் நின்றாலோ, காய்ச்சலும் இரவு வியர்வையும் இளைப்பும் உடன் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தோன்றும் கட்டியை நாள் பாராமல் காட்டுதல் வேண்டும். வயிற்றிலோ மார்பிலோ உள்ள புற்றின் தூதாக அது இருத்தல் கூடும். அக்குளில் தோன்றும் வலியற்ற கட்டி மார்பகப் புற்றின் அறிகுறியாகலாம். கணுவிலேயே பிறக்கும் புற்றும் உண்டு. அவற்றுள் ஒன்று 1832-இல் அதனை விளக்கிய தாமஸ் ஹாட்ஜ்கின் பெயரால் வழங்குகிறது. இன்று அதனைப் பெரும்பாலோர்க்குக் குணப்படுத்த இயலும். இவற்றுள் எது என்பதைக் கையால் தடவி அறிய இயலாது; ஊசி ஆய்வோ திசு ஆய்வோதான் சொல்லும். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்னும் அச்சத்தால் காலத்தைக் கடத்துதல் தகாது. காசநோயாயின் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ஊட்டச்சத்துக்கெனத் திங்கள்தோறும் 2018 முதல் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்க்க அரசு வகைசெய்துள்ளது.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். கணு என்பது உடலின் காவலாள். அவன் பருத்து நின்று சொல்லும் செய்தியைத் துணியால் மூடுவது காவலாளின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். பெண்மக்களின் கழுத்திலும் அக்குளிலும் மார்பிலும் தோன்றும் கட்டிகள் நம் இல்லங்களில் மிகக் காலந்தாழ்ந்தே சொல்லப்படுகின்றன. அவர்களுக்கு நாணம் ஒரு தடை. நாம் என்ன சொல்வோமோ என்னும் அச்சம் அதனினும் பெருந்தடை. முன்னதை அவர்கள் கடக்க வேண்டுமாயின் பின்னதை நாம் நீக்குதல் வேண்டும். மகளோ, மருமகளோ, மாணவியோ ‘இங்கே ஒரு கட்டி’ என்று சொல்லும் நாளில், ‘யாரிடமும் சொல்லாதே’ என்னும் சொல் நம் வாயில் வாராதிருக்கட்டும். ‘நாளைக் காலையில் போவோம்’ என்னும் சொல்லே வருக.